வயிற்றுக்குள் வைக்கும் பலூன்: தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(குடும்ப நலக் கூட்டத்தில் தம்பதிகளுக்காக நிகழ்த்திய உரை)



கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இன்றைக்குச் சொல்லப் போவதை இரண்டு பேரும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

குடும்ப நலம் என்றால் அளவான பிள்ளைகள், தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றுதான் இதுவரை பேசி வந்திருக்கிறோம். இப்போது அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் உடம்பின் எடை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். "அதெல்லாம் பட்டணத்துக்காரங்க வியாதி" என்று இனி ஒதுக்கிவிட முடியாது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. தண்ணீர் இறைக்க மோட்டார் வந்துவிட்டது. நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்கும் வண்டியில்தான் போகிறோம். தட்டில் விழும் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

எடை ஏறினால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, குறட்டை, மாதவிலக்குக் கோளாறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு கரிக்கும். புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களிக்கும். இந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது: "கத்தி இல்லை, தையல் இல்லை. வயிற்றில் பலூன் வைத்தால் எடை குறையும்." இதைப் பார்த்துவிட்டு, "நகையை அடகு வைச்சாவது போட்டுக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாதனங்கள் ஏமாற்று வேலை அல்ல. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து வைப்பவைதான். ஆனால் எல்லாருக்கும் ஏற்றவை அல்ல. எடைக்காக வைக்கும் சாதனம் நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடவும் கூடும். பலூனைப் பொறுத்தவரை, வைக்கிற நாளைவிட எடுக்கிற நாள் முக்கியம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இரைப்பை என்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறு உணவுக்குழல் வழியாக இறங்கி இரைப்பையில் விழுகிறது. இரைப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. காலியாக இருக்கும்போது கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரைக்கும் விரியும். அப்படி விரியும்போதுதான் "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. அவசரமாக அள்ளிப் போட்டால் அந்தச் செய்தி போய்ச் சேரும் முன்பே இன்னொரு தட்டுச் சோறு உள்ளே போயிருக்கும்.

பாட்டிமார்கள் இடுப்பில் சொருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையின் மேல்வாயும் அப்படித்தான். சோறு உள்ளே போகும்போது திறக்கும்; பிறகு சுருங்கி மூடிக்கொள்ளும். இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் மேலே வராமல் காப்பது அந்தச் சுருக்குதான். அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதுதான் நெஞ்செரிச்சல். தொப்பை பெருத்தால் உள்ளே அழுத்தம் கூடி அந்த வாய் திறந்து கொடுக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் நெஞ்சு கரிப்பதற்கும் இந்த அழுத்தம் ஒரு காரணம். ஆகவே எடை குறைந்தால் பலருக்கு நெஞ்செரிச்சலும் குறையும். ஆனால் எடைக்குச் செய்யும் வைத்தியம் வேறு, சுருக்கு வாய்க்குச் செய்யும் வைத்தியம் வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

என்னென்ன முறைகள் இருக்கின்றன?

வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பிறகு எடை ஏறாமல் மெலிந்தே இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். இதை வைத்து அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966-ல் உடல் பருமனுக்கென்றே ஒரு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். இரைப்பையைச் சிறியதாக்கினால் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும் என்பதுதான் அடிப்படை. அதிலிருந்து பல வழிகள் பிறந்தன.

1. பலூன்: எண்டோஸ்கோப்பி என்ற குழாயை வாய் வழியாக விட்டு, சுருட்டிய சிலிக்கான் பையை இரைப்பைக்குள் இறக்குவார்கள். அதில் 400 முதல் 700 மில்லி வரை உப்பு நீர் நிரப்புவார்கள். இடத்தைப் பலூன் பிடித்துக்கொள்வதால் சோறு குறைவாகத்தான் இறங்கும். சாதாரணமாக 6 மாதத்தில் மறுபடியும் குழாய் விட்டு எடுத்துவிட வேண்டும். மாத்திரை போல் விழுங்கி, சுமார் நாலு மாதத்தில் தானே உடைந்து மலத்தோடு போய்விடும் பலூனும் இப்போது இருக்கிறது.

2. பட்டை: இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிச் சிலிக்கான் வளையம் கட்டுவார்கள். தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதில் ஊசி போட்டு உப்பு நீரை ஏற்றி இறக்கி வளையத்தை இறுக்கலாம், தளர்த்தலாம். அமெரிக்காவில் 2001-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. பிறகு பலருக்கு வளையம் நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனது. அளவுக்கு மேல் இறுகினால் நெஞ்செரிச்சலும் வாந்தியும் வரும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆகவே இன்று இதன் உபயோகம் மிகவும் குறைந்துவிட்டது.

3. இரைப்பையை வெட்டிக் குறைத்தல்: இது சாதனம் அல்ல, அறுவைச் சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு மீதியை ஒரு குழல் போல ஆக்குவார்கள். எடை நன்றாகக் குறையும். ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதனால் அது அதிகமாகலாம். இல்லாதவர்களுக்குப் புதிதாக வரவும் செய்யலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் 'பைபாஸ்' என்ற மாற்றுவழி அறுவையே ஏற்றது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு.

4. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் உள்ள சாதனம்: சிறிய டைட்டானியம் மணிகளைக் கோர்த்த காந்த வளையம் ஒன்று இருக்கிறது. அதை உணவுக்குழலின் அடிவாயைச் சுற்றி மாட்டுவார்கள். விழுங்கும்போது மணிகள் விலகும். பிறகு காந்த சக்தியால் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்றது. இது எடையைக் குறைக்காது. காந்த ஸ்கேன் எடுக்கும் முன் இதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முன்பு நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்

1985-ல் அமெரிக்காவில் கேரன்-எட்வர்ட்ஸ் என்ற பலூன் வந்தது. 220 மில்லி காற்று அடைத்த உருளை. "அறுவை இல்லாமல் எடை குறையும்" என்ற பேச்சு பரவி ஆயிரக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள். பிறகுதான் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குப் பலூனும் உணவுக் கட்டுப்பாடும். இன்னொரு கூட்டத்தாருக்குப் பலூன் வைத்தது போல் பாவனையும் அதே உணவுக் கட்டுப்பாடும். இரண்டு கூட்டத்துக்கும் எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை! பலூனின் விளிம்பு உரசி இரைப்பையில் புண் வந்தது. காற்றுப் போன பலூன் குடலில் இறங்கி அடைத்துக்கொண்டது. 1988-ல் விற்பனை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 1987-ல், நிபுணர்கள் புளோரிடாவில் கூடி, பலூன் வழவழப்பாக இருக்க வேண்டும், காற்றுக்குப் பதில் நீர் நிரப்ப வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்தார்கள். இன்றைய நீர் பலூன்கள் அந்தப் பாடத்தைப் படித்து வந்தவை.

நெஞ்செரிச்சலுக்கும் இதே கதைதான். 1979-ல் ஆங்கெல்சிக் என்ற அமெரிக்க மருத்துவர் சட்டைக் காலர் மாதிரி ஒரு சிலிக்கான் வளையத்தை உணவுக்குழலின் அடியில் கட்டும் முறையை வெளியிட்டார். எளிய வேலை என்று நிறையப் பேருக்குக் கட்டினார்கள். சிலருக்கு விழுங்க முடியாமல் போயிற்று. சிலருக்கு வளையம் இடம் மாறியது. சிலருக்கு உள்ளே அரித்தது. பலருக்கு மறுபடியும் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த முறையே கைவிடப்பட்டது.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. புதுசாக வந்தது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது. ஆற்றில் இறங்கும் முன் ஆழம் பார்ப்பது போல இதிலும் பார்க்க வேண்டும்.

பலூனால் எவ்வளவு கிடைக்கும்?

90 கிலோ எடையுள்ள ஒருவர் பலூன் வைத்துச் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தினால், 6 மாதத்தில் சுமார் 9 கிலோ குறையலாம். சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கும். நல்ல பலன்தான். ஆனால் பலூனை எடுத்த பிறகு பழையபடி சாப்பிட்டால் எடை திரும்பி வந்துவிடும். பந்தலைக் கொடி பிடித்து ஏறும் வரைதான் ஊன்றுகோல். பலூனும் அப்படித்தான். அந்த 6 மாதத்தில் புதிய சாப்பாட்டுப் பழக்கம் வேர் பிடிக்க வேண்டும்.

வைத்த முதல் சில நாட்கள் வாந்தி, குமட்டல், வயிற்றுப் பிடிப்பு இருக்கும். தாங்க முடியாமல் சீக்கிரமே எடுத்துவிட்டவர்களும் உண்டு. பலூன் இருக்கும் நாள் முழுவதும் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். நெஞ்செரிச்சல் கூடலாம். அபூர்வமாக இரைப்பையில் ஓட்டை விழலாம், கணையம் வீங்கலாம். 2017-ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. நீர் பலூன் வைத்து ஒரு மாதத்துக்குள் 5 பேர் இறந்ததாகத் தகவல் வந்திருப்பதாகவும், பலூன்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அதில் இருந்தது. அரிதுதான். ஆனாலும் தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும்.

யாருக்குப் பலூன் கூடாது?

முன்பே இரைப்பையில் அறுவை நடந்தவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கும் பெரிய குடலிறக்கம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குடிப் பழக்கத்தை விட முடியாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பலூன் இருக்கும்போது அந்த வலி மாத்திரை ஆகாது. இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியும்.

கணவன் மனைவிக்கு முக்கியமான செய்தி

எடை குறையத் தொடங்கினால், பல நாள் தள்ளிப் போன மாதவிலக்கு ஒழுங்காகும். குழந்தை நிற்காது என்று நினைத்திருந்தவர்களுக்கும் நின்றுவிடும். பலூன் வயிற்றில் இருக்கும்போது கரு உண்டாவது நல்லதல்ல. தாய்க்கும் சாப்பாடு போதாது, சிசுவுக்கும் சத்துப் போதாது. ஆகவே பலூன் வைக்கும் முன்பே கருத்தடை முறையை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

"நான்தான் மாத்திரை சாப்பிடுறேனே?" என்று ஒரு தாய் கேட்கலாம். பலூன் வைத்த புதிதில் வாந்தி இருக்கும். மாத்திரை விழுங்கிச் சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் அது பலன் தராது. பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். காப்பர்-டி போட்டுக்கொள்வது, கணவர் நிரோத் உபயோகிப்பது ஆகியவை இதற்கு ஏற்றவை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும். அப்படியும் நாள் தள்ளிப் போனால் ஒளிக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. "நீ குண்டாயிட்டே, பலூன் வைச்சுக்கோ" என்று மனைவியை நெருக்காதீர்கள். அழகுக்காக வைப்பதல்ல இது, வியாதிக்காக வைப்பது. உங்கள் தொப்பையையும் கொஞ்சம் அளந்து பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அது நாலு நாள்கூட நிற்காது. இரண்டு தட்டிலும் சேர்ந்து சோறு குறைந்தால்தான் நிற்கும்.

முதலில் வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். ஒன்றரை மீட்டர் உயரமும் 70 கிலோவும் இருந்தால் அது 31. நம் நாட்டவருக்கு 23-க்குள் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். நீர் பலூனுக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி தந்தபோது 30 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு என்றுதான் தந்தார்கள். ஐந்து கிலோ கூடுதலாக இருக்கிறது என்பதற்குப் பலூன் தேவையே இல்லை.

தட்டில் பாதிக்குக் காய், கீரை. சோறு கால் பங்கு. மீதிக் கால் பங்குக்குப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. டீக்குச் சர்க்கரையைக் குறையுங்கள். மென்று நிதானமாகச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிய வேண்டும். கட்டிலில் படுப்பவர்கள் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் போதாது. பாயில் படுப்பவர்கள் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். வெற்றிலை புகையிலை, பீடி, சாராயம் மூன்றும் சுருக்கு வாயைக் கெடுப்பவை. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் கொதிப்பும் இறங்கத் தொடங்கும்.

நெஞ்சு வலியெல்லாம் வாய்வு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வேர்த்துக் கொட்டினால், சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் உடம்பு இளைத்தல் ஆகியவை இருந்தாலும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலூன் வைப்பது என்று முடிவானால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்குப் பலூன் ஏன் தேவை? வேறு வழி இல்லையா?

2. என் நெஞ்செரிச்சல் இதனால் குறையுமா, கூடுமா?

3. வைப்பதற்கும் எடுப்பதற்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? பாதியில் எடுக்க நேர்ந்தால் என்ன?

4. எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?

5. ராத்திரியில் தாங்க முடியாத வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது? எங்கே போவது?

பதில்களை எழுதி வாங்குங்கள். விளம்பரம் செய்பவரிடம் அல்ல, மருத்துவரிடம் கேளுங்கள். கடன் வாங்கும் முன், அரசுக் காப்பீட்டில் எந்தச் சிகிச்சை சேரும் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு மாட்டுங்கள். வலி இல்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்று தேதியைத் தாண்ட விடாதீர்கள். நாளானால் அமிலம் பலூனை நைத்துவிடும். அது உடைந்து குடலை அடைக்கும். எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நீர் ஆகாரம் என்று மருத்துவர் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

சில பலூன்களில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிகிறது என்று அர்த்தம்; அன்றே போக வேண்டும். விடாத வாந்தி, வயிறு உப்பி மலம் போகாமை, காய்ச்சலோடு வயிற்று வலி ஆகியவற்றுக்கும் அப்படியே. பலூன் வைத்த விவரம் எழுதிய சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "வயிற்றில் பலூன் இருக்குங்க" என்று சொல்லுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! வயிற்றுக்குள் வைக்கும் எந்தப் பொருளும் பசியை ஓரளவுக்குத்தான் கட்டும். மீதியை நம் கையும் வாயும்தான் கட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் இந்த வாரமே எடையும் இடுப்புச் சுற்றளவும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் காசில்லாமல் பார்ப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள், சேர்ந்தே முடிவெடுங்கள்.

அளவான சாப்பாடு, அளவான உடம்பு, நலமான குடும்பம்!